உப்பில்லாத டப்பாவும் படியில் நிற்கும் ஆளும்

1

எனக்கு ஐம்பத்திரண்டு வயது முடிந்த அன்று காலையில் வந்த முதல் கடிதம், நான் வேலை செய்யும் மருத்துவமனையிலிருந்தே வந்தது. வாழ்த்தாக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். 'அன்புள்ள சாமுவேல், வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணி முதல் மறுநாள் காலை ஏழு மணிவரை உங்கள் சிறுநீர் முழுவதையும் கேனில் சேர்த்துக் கொண்டுவரவும்' என்று எழுதியிருந்தது. டென்மார்க்கில் பிறந்தநாள் வாழ்த்து இப்படித்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்ட வினை இது.

ஆரணியை விட்டு இந்தத் துறைமுக ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அங்கே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். இங்கேயும் அதே வேலைதான். கட்டடம் பெரிது, குளிர் அதிகம், என்னை யாரும் 'லேப்காரரே' என்று கூப்பிடுவதில்லை. மனைவி எஸ்தர், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உதவியாளர். மகள் நிம்மிக்குப் பதினேழு. நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்.

இந்த ஐம்பத்திரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் தேவசகாயம் ஆரணி - வேலூர் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன், கண்ணமங்கலம் நிறுத்தத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது கட்டு கையிலிருந்து நழுவியது. "குனிஞ்சி எடுக்கலாம்னு பாத்தேன்டா. கையே என்னுது இல்ல" என்றார் பிறகு. டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் பஸ்ஸை நேராக வேலூர் ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிவிட்டார். வழியில் இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை என்பது அண்ணனுக்கு இன்றுவரை பெருமை. பிழைத்துக்கொண்டார். வலது கைதான் முழுசாகத் திரும்பி வரவில்லை. பிரஷர் என்றார்கள். அப்பாவுக்கும் அதேதான் இருந்தது.

அன்று அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. அன்றிலிருந்து நான் என் வயதை எண்ணத் தொடங்கினேன். வெளியே சிரித்துப் பேசினாலும், அடுத்தது நான்தான் என்ற பயம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் உப்பையும் ரத்தக் குழாயையும் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டியதும், பசை காய்வதற்குள் பெயர் கொடுத்தேன். என் உடம்புக்கு உப்பு எதிரியா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

2

அண்ணனோடு ஞாயிற்றுக்கிழமை பேசுவது வழக்கம். அங்கே சர்ச் முடிந்து, பிரியாணி முடிந்து, அவர் சாய்ந்து உட்காரும் நேரம்.

"இன்னாடா ஆராய்ச்சி அது? ஆயா கத மாதிரி இழுக்காத. ஜல்தி சொல்லு."

"நம்ப ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் பம்பு இருக்குதுண்ணா. உப்புல இருக்கற சோடியத்த வெளிய தள்ளும், பொட்டாசியத்த உள்ள இழுக்கும். மூணு வெளிய, ரெண்டு உள்ள. நாள் பூரா இதே வேல."

"மூணு பேர எறக்கிட்டு ரெண்டு பேர ஏத்தறான். கண்டக்டர் வேல. அப்புறம்?"

"அந்தப் பம்ப நிறுத்தற பொருளு சில செடில இருக்குது. அரளில இருக்குது. தேரையோட தோல்ல கூட இருக்குது. அதே வகைப் பொருளு நம்ப ரத்தத்துலயும் துளியூண்டு ஓடுது. வெளியேர்ந்து வர்ல, ஒடம்பே செய்யுது."

"அரளிய நானே உள்ள செஞ்சிகினு இருக்கேனா?" அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அரளி இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம், பயப்படும் அளவு இல்லை என்று சமாதானம் சொன்னேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அதைச் செய்கிறது என்கிறார்கள். அது சரியாக என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குள் சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் அது எதற்காக இருக்கலாம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. உப்பு அதிகமாகிவிட்டால் இந்தப் பொருள் சிறுநீரகத்துக்குப் போய் அங்கே பம்பை மெதுவாக்குகிறது. அப்போது உப்பு உடம்புக்குள் திரும்பி வராமல் வெளியே போய்விடும். நல்ல காரியம்தான். வம்பு என்னவென்றால், அதே பொருள் ரத்தக் குழாயின் சுவருக்கும் போகிறது. அங்கேயும் பம்பு மந்தமாகிறது. சோடியம் உள்ளேயே தங்குகிறது, அதனால் கால்சியமும் சேருகிறது, குழாயின் தசை இறுகுகிறது. பிரஷர் ஏறுகிறது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"அவன் படில நிக்கற ஆளுடா."

"யாரு?"

"நீ சொல்ற பொருளு. பஸ்ல ஒருத்தன் படில கம்பிய புடிச்சிகினு நிப்பான். கெட்டவன் கெடையாது. கண்ணமங்கலத்துல மூட்ட ஏத்தறப்ப கை குடுப்பான், கொழந்தைய வாங்கி உள்ள தருவான். ஆனா அவன் அங்க நிக்கறதால எறங்க வேண்டியவன் எறங்க முடியாது. உள்ள ஒரே நெருக்கடி. எத்தினி தபா அந்த ஆளோட பேஜார் பட்டுருக்கேன்!"

மறுநாள் இதை எங்கள் பேராசிரியை கிர்ஸ்டனிடம் சொன்னேன். இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது கைவர நாலு வருஷம் ஆனது. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு பஸ்ஸையும் படியில் ஒரு ஆளையும் வரைந்தார். கீழே 'தேவசகாயம்' என்று என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதை அவர் பழைய டிரைவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

3

இந்த நாட்டில் படிவம் நிரப்பாமல் மூச்சுகூட விட முடியாது. தொலைபேசியில் நர்ஸ் வயது கேட்டபோது நானே டேனிஷில் சொன்னேன். இவர்கள் ஐம்பதை 'இரண்டரை இருபது' என்ற கணக்கிலும் அறுபதை 'மூன்று இருபது' என்ற கணக்கிலும் சொல்லுகிற ஆட்கள். நான் அரை இருபதை அதிகமாகப் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, அறுபத்திரண்டு வயதுக்காரர் இந்த ஆய்வில் சேர முடியாது என்று வருத்தக் கடிதம் வந்தது. நிம்மி போன் போட்டு இரண்டே நிமிஷத்தில் சரிசெய்தாள். "அப்பா, இனிமே நம்பர் மட்டும் நான் சொல்றேன்" என்றாள்.

சாப்பாட்டுப் படிவத்தில், 'சாப்பிடும்போது மேசையில் உப்பு சேர்த்துக்கொள்வீர்களா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறித்தேன். பொய் இல்லை. எங்கள் வீட்டில் மேசையில் உப்பே கிடையாது. சோறு வேகும்போதே உப்பு, குழம்பில் உப்பு, பொரியலில் உப்பு, மோரில் உப்பு, அப்பளத்திலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் கேட்கவே வேண்டாம். இவ்வளவுக்கும் மேல் யார் மேசையில் போட்டுக்கொள்வார்கள்? டேனிஷ்காரர்கள் உருளைக்கிழங்கைச் சும்மா வேகவைத்துவிட்டு மேசையில் உப்புக் குப்பியை ஆட்டுகிறவர்கள். அவர்கள் கேள்வி அவர்கள் சமையலுக்கு எழுதியது.

அப்புறம் அந்தக் கேன். பழுப்பு நிறம், பெரிய சைஸ். அதை பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்து, ஆரணிப் பட்டுக்கடைத் துணிப்பையில் போட்டு எடுத்துப்போனேன். 'கல்யாணப் பட்டு' என்று சிவப்பில் அச்சடித்த பை. பஸ்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பையையே பார்த்துக்கொண்டு வந்தார். "தம்பி, ஊரிலயிருந்து சீலை வந்ததோ? ஒருக்கால் காட்டுங்கோவன்" என்று கையை நீட்டினார். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நடந்து போனேன்.

கேனின் முடிவு வந்ததும் கிர்ஸ்டன் என்னைக் கூப்பிட்டார். "சாமுவேல், உப்பு சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். இதில் ஒரு சின்னக் கடலே இருக்கிறதே?" அப்பளத்தில் தொடங்கி கருவாடுவரை விளக்கினேன். அவர் அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, புதிதாக அரைப் பக்கம் எழுதினார்.

4

ஆய்வு இப்படி: வழக்கமான சாப்பாட்டோடு ஓர் அளவு. பிறகு பத்து நாள் ஆய்வுச் சமையலறையிலிருந்து வரும் உப்பு குறைந்த டப்பா. கடைசியில் இன்னோர் அளவு. ரத்தம், பிரஷர், குழாய் எவ்வளவு விறைப்பு என்று பார்க்கும் கருவி, எல்லாம் உண்டு. என் ரத்தத்தை நானே தொடக்கூடாது. எண் போட்டு வேறொருவரிடம் போய்விடும்.

முதல் நாள் டப்பாவைத் திறந்தேன். வெந்த கோழி, வெந்த கேரட், வெந்த உருளை. வெந்தது என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்தர் எதிரில் உட்கார்ந்து மீன்குழம்பைப் பிசைந்துகொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலையும் தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள். அவளுக்குத் தலைவலி புதிதில்லை. வெயிலே இல்லாத ஊரில் உனக்கு மட்டும் எப்படித் தலைவலி என்று நான் கிண்டல் செய்வேன்.

மூன்றாம் நாளிலிருந்து டப்பா வாய்க்குப் பிடிக்கத் தொடங்கியது. நாலாம் நாள் ருசியாகவே இருந்தது. நான் வீட்டிலும் ஆய்வகத்திலும் உபதேசம் செய்தேன். "எல்லாம் மனசுதான். நாக்கு பழகிவிடும். மூன்றே நாள்" என்று கிர்ஸ்டனிடமும் சொன்னேன். அவர் பாராட்டினார்.

ஆறாம் நாள், இடைச் சோதனையாக ஒரு கேன் இருந்தது. கிர்ஸ்டன் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். "டப்பாவில் நாங்கள் வைத்ததைவிட அதிக உப்பு உன்னிடமிருந்து வெளியே வந்திருக்கிறது. வேறு ஏதாவது சாப்பிட்டாயா?" சத்தியமாக இல்லை என்றேன். ஒரு ரொட்டித் துண்டு கூட இல்லை. அவர் நம்ப விரும்புவதும் முடியாமல் தவிப்பதும் முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருஷம் சம்பாதித்த நாணயம் ஒரு கேனில் போனது என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர் பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"ஒரு சிட்டிக கூடவா அந்த மிஷின்ல தெரியும்?"

"எஸ்தர்!"

"ஒரு சிட்டிகதாங்க போட்டேன்."

"எத்தினி வேள?"

"மூணு வேளையும்தான்."

நிம்மி சோபாவில் உப்பு போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயை மென்றுகொண்டிருந்தாள். இங்கத்துப் பிள்ளைகளுக்கு அது உயிர். "அம்மா டப்பாவத் தொறந்து போடறத நான் பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டு ஏன்டி சொல்லல?"

"அது உங்க ரெண்டு பேர் விஷயம். நான் எதுக்கு நடுவுல?"

ஆரணியில் என்றால் ஒரு பிள்ளை இதைத் தெருமுனைவரை சொல்லிவிட்டு வந்திருக்கும். இவள் எங்கள் அந்தரங்கத்தை மதித்துவிட்டாள். எனக்குக் கோபம் யார்மேல் வருவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எஸ்தர்மேல் கொட்டினேன்.

"இது விளையாட்டா? அண்ணன் கை எப்டி போச்சின்னு பாத்த இல்ல? நானும் அப்டி விழட்டும்னு இருக்கியா? எனக்கு பயமா இருக்குது எஸ்தர்."

இந்தச் சொல்லை ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் பயம் இல்லியா? ஆனா நீங்க தனியா அந்த சோத்த முழுங்கறத பாக்க முடியலங்க. எங்க வூட்ல யாருக்கும் தனிச் சோறு போட்டதே இல்ல."

அது எனக்குத் தெரியும். அவளுடையது தறிக்காரர்கள் வீடு. காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டும்போது அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாரும் வந்து கை கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் ஒரே அண்டாவிலிருந்து உப்புப் போட்ட கஞ்சி, முதலாளிக்கும் அதேதான், வந்தவருக்கும் அதேதான். ஒருவருக்கு மட்டும் வேறு பாத்திரம் வைத்தால் அவரை ஒதுக்கிவிட்டதாக அர்த்தம். அந்த வீட்டுப் பெண் என் டப்பாவைப் பார்த்து இரண்டு நாள் பொறுத்ததே பெரிது.

"அப்ப எனக்கும் ஒரு டப்பா வாங்கிகினு வாங்க. ரெண்டு பேரும் சாப்டலாம். அப்ப உப்பு போட மாட்டேன்" என்றாள்.

5

மறுநாள் எல்லாவற்றையும் கிர்ஸ்டனிடம் ஒப்புக்கொண்டேன். மனைவி மேல் பழி போடுவதாக அவர் நினைத்துவிடக் கூடாதே என்று, பாவு இழுப்பதிலிருந்து தொடங்கினேன். அவர் கடைசிவரை கேட்டார். "முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் டப்பா, ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். விதி அப்படி" என்றார்.

"அப்டின்னா என் பேரையும் எழுதச் சொல்லுங்க" என்றாள் எஸ்தர், வீட்டில் நான் இதைச் சொன்னதும்.

இரண்டு பேரும் போனோம். நல்ல புடவை கட்டி, மேலே பெரிய குளிர்கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நர்ஸ் அவள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டினாள். எண்ணைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மறுபடி கட்டினாள். ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரச் சொல்லிவிட்டு, மறு கையில் கட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன். நூற்றறுபதுக்கு இரண்டு குறைவு. மூன்று தடவையும் அதே மாதிரி.

இத்தனை வருஷம் ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன் நான். வீட்டில் கருவி வாங்கி வைத்து, தினமும் காலையில் என் கையில் கட்டி எழுதிக்கொள்கிறவன். அவள் கையில் ஒரு நாள் கட்டிப் பார்த்ததில்லை. நிம்மி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான் அவளுக்குக் கடைசி. தலைவலி என்றபோதெல்லாம் தைலம் எடுத்துக் கொடுத்தேன், கிண்டல் செய்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பயமும் இருந்தது, ஆனால் இந்தத் தடவை அது எனக்காக இல்லை.

அவளோ நர்ஸைப் பார்த்து, "அப்ப டப்பா குடுப்பாங்களா மாட்டாங்களா, கேளுங்க" என்றாள்.

கிர்ஸ்டன் அன்றே அவளை டாக்டரிடம் அனுப்பினார். உடனே ஆபத்து இல்லை, முதலில் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம், பிறகு மாத்திரையைப் பற்றி முடிவுசெய்யலாம் என்றார் டாக்டர். பிரஷர் உள்ளவர்களுக்கான பிரிவில் எஸ்தரின் பெயர் ஏறியது. இரண்டு கேன், இரண்டு பட்டுக்கடைப் பை.

பத்து நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெந்ததைச் சாப்பிட்டோம். உப்பைத் தவிர மற்றதற்குத் தடை உண்டா என்று எஸ்தர் ஆள்விட்டுக் கேட்டு, எலுமிச்சம்பழம் பிழியவும் மிளகு தூவவும் அனுமதி வாங்கினாள். ஆறாம் நாள் நிம்மி வந்து, என் டப்பாவிலிருந்து ஒரு கேரட்டை எடுத்துக் கடித்துவிட்டு, "பாவம் நீங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள். தன் மிட்டாய்ப் பொட்டலத்தை அன்றிலிருந்து அவள் எங்கள் கண்ணில் காட்டவில்லை.

6

போன வாரம் எந்த எண் யாருடையது என்று திறந்து, முடிவைச் சொன்னார்கள். என் பிரஷர் உப்போடும் உப்பில்லாமலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. எஸ்தருக்கு நன்றாக இறங்கியிருந்தது. குழாயின் விறைப்பும் குறைந்திருந்தது. வழக்கமான சாப்பாட்டின்போது அவள் ரத்தத்தில் படியில் நிற்கும் அந்த ஆள் கூடுதலாக இருந்தார், பத்து நாளில் கொஞ்சம் இறங்கிப் போயிருந்தார். "இரண்டு பேரை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது" என்று கிர்ஸ்டன் மூன்று தடவை சொன்னார். விஞ்ஞானத்துக்கு அது சரி. எனக்கு இந்த இரண்டு பேர்தான் வீடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"டேய், என் கைய பாத்ததுலேர்ந்து நீ உன் கையவே பாத்துகினு இருந்துட்ட. பக்கத்துல இருந்த கைய யார் பாத்தா?"

நான் மேசைமேல் இருந்த பிரஷர் கருவியைப் பார்த்தேன்.

"உன்ன சொல்லல. நானும்தான். போன வை. உங்க அண்ணிய கூட்டிகினு போய் பாத்துட்டு வரேன்."

ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். "உங்க அண்ணிக்கு ஒண்ணுமே இல்லடா. என்ன மாதிரி ஒரு ஆள வச்சிகினு எப்டிம்மா இவ்ளோ நல்லா இருக்குதுன்னு நர்ஸம்மா கேக்குது." பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

இப்போதெல்லாம் காலையில் கருவியை எடுத்ததும் முதலில் எஸ்தரைக் கூப்பிடுகிறேன். இன்றும் அடுப்பிலிருந்து ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். முந்தானையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். பட்டையைக் கட்டும்போது, இந்தக் கையை நான் கடைசியாக எப்போது இவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று யோசித்தேன்.

"இன்னாங்க, ஜல்தி சொல்லுங்க. அடுப்புல ரசம் கீது."

நூற்று முப்பத்தைந்து. சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

"ரசத்துல உப்பு?" என்றேன், பின்னாலேயே.

"போடல" என்றாள் திரும்பாமல். "மூணே நாளுதாங்க. நாக்கு பழகிடும்."